பிரேக் பார்க்க நிறுத்தினோம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில் மொத்தமே இரண்டு பேர்தான். கருவிப்பை தம்பியுடையது; ஃபோன், கணக்கு, வாடிக்கையாளரின் வசவு மூன்றும் அக்காவுடையவை. ஆனால் ஆங்கில வகுப்பில் சேர்ந்ததிலிருந்து தம்பிக்குக் கை சும்மா இருப்பதில்லை. வேலை முடிந்த கையோடு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தானே தகவல் போட்டுவிடுவான். பல மொழிக்காரர்கள் இருந்த குழு, எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

அன்று காலை அக்கா டீயை வாயில்கூட வைக்கவில்லை, ஃபோன் அடித்தது. ஏழு மாடிக் குடியிருப்பின் செயலாளர், பல் டாக்டரம்மா.

"என்னம்மா, பிரேக் பாக்கறதையே விட்டுட்டீங்களாமே? அத வேற பெருமையா குரூப்ல போட்டிருக்காரு உங்க தம்பி! ஒருத்தரும் லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறாங்க. ஆறாவது மாடிக்காரர் புது மெத்தையோட படியில மாட்டிக்கிட்டாரு. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல!"

அக்கா குழுவைத் திறந்தாள். 'வீ ஸ்டாப்டு செக்கிங் தி பிரேக்.' பக்கத்தில் உயர்த்திய கட்டைவிரல் வேறு.

"டேய், என்னடா எழுதி வச்சிருக்க?"

"பிரேக் பாக்க லிஃப்ட்ட நிறுத்தினோம்னு. ஓடிட்டிருக்கும்போது எப்படிக்கா பாக்கறது?"

"நீ போட்டது, பாக்கறத நிறுத்திட்டோம்னு! ஸ்டாப்புக்கு அப்புறம் 'செக்கிங்'னு வந்தா அந்த வேலையையே விட்டாச்சுன்னு அர்த்தம். 'டு செக்'னு வந்தாத்தான் அதுக்காக நிறுத்தினோம்னு அர்த்தம். தமிழ்ல இப்படி மாத்திச் சொல்லுவியா?"

"தமிழ்ல எதுக்குக்கா மாத்திச் சொல்லப்போறேன்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். பின்னால் உட்கார்ந்த தம்பி வழியெல்லாம் சத்தமே காட்டவில்லை. பாவம், மனசு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். அவனோ மன்னிப்புச் செய்தி தட்டிக்கொண்டிருந்தான்.

குடியிருப்பு வாசலிலேயே டாக்டரம்மா ஃபோனை நீட்டினார். 'டோன்ட் ஒர்ரி. வீ நெவர் ஸ்டாப் டு செக்.'

"இப்ப என்ன, ஒரு நிமிஷம் நின்னு பாக்கற பழக்கமே கிடையாதுங்கறாரா?"

"பாக்கறத ஒருநாளும் விடமாட்டோம்னு போட்டேன் மேடம்," என்ற தம்பி அக்கா பக்கம் திரும்பினான். "நீதானேக்கா 'டு' போடச் சொன்ன?"

அக்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது. கீழ்த்தளக் கூடத்தில் நின்ற குடியிருப்புக்காரர்களிடம் இலக்கணத்தை விளக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பாடத்தைக் கேட்பதுபோல் தலையாட்டினார்களே தவிர, ஒரு கால்கூட லிஃப்ட் பக்கம் நகரவில்லை.

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும், கதவு மூடினாலே மூச்சு முட்டும் என்று படியேறுகிறவள் அவள். இப்போது தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய் ஏழாம் எண்ணை அழுத்தினாள். மேலே போனார்கள், கீழே வந்தார்கள், மறுபடி போய் வந்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் நிற்காமல் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தது. திட்டு தெளிவாகக் கேட்டதால் ஆள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று கூடத்தில் இருந்தவர்களுக்குத் தைரியம் வந்தது. டாக்டரம்மா முதலில் ஏறினார். அப்புறம் நாலு பேர் சேர்ந்து மெத்தையை மடித்துத் திணித்தார்கள்.

வெளியே வந்ததும் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, எல்லாருக்கும் நன்றின்னு ஒரே ஒரு மெசேஜ் போடட்டுமா?"

அவள் கையை நீட்டினாள். அவன் ஃபோனைக் கொடுத்தான். அதைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, அவள் வண்டியை நோக்கி நடந்தாள்.