எல்லா உறுப்பிலும் இருந்த ஏற்பி

மனித குலம் இதனால் அறிந்துகொள்வது என்னவென்றால், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் மாடியில், ஒழுகும் தொட்டிக்கும் உடைந்த நாற்காலிக்கும் நடுவே, புற்றுநோயின் பூட்டு அகப்பட்டுவிட்டது. சாவி ஏற்கெனவே கையில் இருந்தது: கட்டியைத் தானாக உண்டாக்காமல், உண்டாகத் தயாராக இருப்பதை ஊதிப் பெருக்கும் ஒரு செடிப்பால் சத்து. உடம்பில் அது எதைப் பிடித்துக்கொள்கிறது? அந்தப் பிடிக்குத்தான் ஏற்பி என்று பெயர்.

ஆறாம் வருட ஆய்வு மாணவி எலியின் மூளையை அரைத்துப் பிளாஸ்டிக் குழாயில் இட்டு, கதிரியக்கம் ஏற்றிய சத்தில் ஒரு சொட்டு விட்டு, ஊறவைத்து, கழுவி, எண்ணும் கருவியில் வைத்தாள். ஒட்டியது எவ்வளவோ அவ்வளவு எண். மூளையில் நாற்பதாயிரம். தோலில் நாற்பதாயிரம். கல்லீரலிலும் அதே.

"வாலப் போடும்மா!" என்றார் பேராசிரியர்.

வாலிலும் நாற்பதாயிரம்.

"உடம்பு முழுக்க நெறஞ்சிருக்கும்மா! இத்தனை வருஷமா ஒருத்தன் கண்ணுலயும் படல பாரு!"

இயக்குநருக்குப் போன் பறந்தது. நாலு மணிக்கு அறிவிப்பு. ஏற்பிக்குப் பேராசிரியர் தன் பெயரின் முதலெழுத்தை வைப்பதா, முழுப் பெயரையுமா என்பது மட்டும் பாக்கி.

இது நிஜமென்றால் இந்த வருஷமே மாணவிக்குப் பட்டம். "இன்னும் படிக்கிறா" என்று சொல்லும்போது அம்மா இனிக் குரலைத் தணிக்க வேண்டாம்.

இரண்டு மணிக்கு எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வந்தார். "எழுநூறு எலி போச்சே பாப்பா, இன்னைக்காவது பலன் உண்டா?"

"உண்டுண்ணே! எல்லா உறுப்புலயும் ஒரே எண்!"

"மூளைக்கும் வாலுக்கும் ஒரே எண்ணா? நம்ம ஆபீஸ்லதான் அப்படி இருக்கும்."

சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். அவளுடைய தினசரிப் பட்டியலில் கடைசி வரி ஒன்று உண்டு: எலி போடாத குழாய். முதல் வாரமே பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். "எலியே இல்லாத குழாய்ல எதம்மா தேடப்போற? சத்த வீணாக்காத."

காலிக் குழாய் ஒன்றை எடுத்தாள். ஒரு சொட்டு விட்டாள். ஊறவைத்தாள், கழுவினாள்.

மூன்றே முக்கால். கீழே இயக்குநரின் கார்க் கதவு சாத்தும் சத்தம். பேராசிரியர் ஜன்னல் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"கடைசியா எந்த உறுப்பும்மா?"

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

கருவி உறுமியது. தாள் நகர்ந்தது.

எலி போடாத குழாயில் நாற்பதாயிரத்து நூற்றிருபது.