நின்றபோது உள்ளே இருந்தது யார்?

லிஃப்ட்காரருக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கொட்டகைக்குள் விமானத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். நான்கு மணிக்கு, பறக்க அனுமதி கொடுக்கும் ஆய்வாளர் வருகிறார். அவர் கண்ணெதிரே இஞ்சின் முப்பது நிமிடம் திக்காமல் ஓட வேண்டும். இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன மனிதர் அவர். மூன்றாவது தடவையும் திக்கினால் கோப்பை மூடிவிடுவேன், விண்ணப்பத்தை முதலிலிருந்து போடுங்கள் என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஏழு வருட உழைப்பு. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே எல்லாருக்கும் மறந்துவிட்டது.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு விமானம் எதற்கு என்று கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் நாமும் கேட்க வேண்டாம். இறக்கை, வால், இரண்டே இரண்டு இருக்கை, எல்லாம் அவரும் மனைவியின் தம்பியான பல் டாக்டரும் சேர்ந்து செய்தது. ஓட்டும் லைசென்ஸும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வாங்கினார்கள். இஞ்சின் மட்டும் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றியது. பிஸ்டன் மேலும் கீழும் இடிக்கிற சாதாரண இஞ்சின் இல்லை. முக்கோணமான கட்டி ஒன்று கூட்டுக்குள் உருண்டுகொண்டே இருக்கும் சுழல் இஞ்சின். பழுதாக அதில் பாகமே அதிகம் இல்லை என்று சொல்லித்தான் அதை வாங்கினார். அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அது திக்கியது. பத்து நிமிடம் தேன் மாதிரி ஓடும். வேகத்தை முழுதாகக் கூட்டினால் ஒரு விக்கல், இன்னொரு விக்கல், பிறகு சரியாகிவிடும். மூன்று வாரமாக இதே கதை. பிளக்கை மாற்றினார்கள். காயிலை மாற்றினார்கள். பெட்ரோல் பம்பைக் கழற்றி வேறு போட்டார்கள். சூட்டினால்தானோ என்று காற்று போக விமானத்தின் மூக்கில் புதிதாக ஓட்டை வெட்டினார்கள். இஞ்சின் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

இன்று காலை பல் டாக்டர் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஓட்டினார். ஒரு விக்கல்கூட இல்லை. லிஃப்ட்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே தானே ஏறி உட்கார்ந்து ஓட்டினார். பதினோராவது நிமிடம் திக்கியது.

"அதுக்கு என்னைப் பிடிக்கல மச்சான்," என்றார் இறங்கும்போது. "ஆய்வாளர் என்னைத்தான் உட்காரச் சொல்லுவாரு. விண்ணப்பத்துல என் பேருதான இருக்கு."

"இஞ்சினுக்கு என்ன அத்தான் தெரியும், யார் உட்கார்ந்திருக்காங்கன்னு," என்றார் பல் டாக்டர். சொல்லிவிட்டுக் கையிலிருந்த நோட்டை மூடினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எண்ணெய்ச் சூடு, வேகம், திக்கிய நேரம் எல்லாவற்றையும் எழுதி வைப்பது அவர் பொறுப்பு. மேலே ஏதோ சொல்ல வந்தவர் மென்று விழுங்கியதை லிஃப்ட்காரர் கவனிக்கவில்லை. அவர் அதற்குள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, நேற்றுக் கழற்றியதையே மறுபடி கழற்றப் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வேலை முடிந்து சாப்பாட்டு டப்பாவோடு நேராக இங்கே வந்திருந்தாள். இந்த விமானத்துக்கு அவள் வைத்திருந்த பேர் சக்களத்தி.

"எப்படி இருக்கா என் சக்களத்தி?"

"சும்மா இரு. நானே நொந்துபோயிருக்கேன்."

"சாப்பிட்டு நொந்துபோங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு வரேன்."

வாலைச் சங்கிலியால் தூணில் கட்டியிருந்தது, சக்கரத்துக்கு முன்னால் கட்டையும் வைத்திருந்தது. லிஃப்ட்காரர் ஏறிக் காதில் சத்தத் தடுப்பை மாட்டிக்கொண்டு இஞ்சினைக் கிளப்பினார். மனைவி இறக்கைக்குப் பின்னால், திறந்திருந்த கதவோரம், டப்பாவும் கையுமாக நின்றாள். பத்து நிமிடம் கழிந்தது. வேகத்தைக் கூட்டினார். கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்தது. அவள் இஞ்சினைப் பார்க்கவே இல்லை. இஞ்சினைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? கணவரைத்தான் பார்த்தாள். முன்பாதம் பிரேக்கை அழுத்தியிருக்க, வலது குதிகால் தரைப் பலகையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இஞ்சின் விக்கியது.

காலை ஆட்டாதீங்க என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் அவள். இப்போது சொன்னாலும் காதில் விழாது. கையை உள்ளே விட்டு முழங்காலை அழுத்திப் பிடித்தாள். விக்கல் நின்றது. கையை எடுத்தாள். குதிகால் ஆடியது. விக்கல் வந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி நின்றது.

லிஃப்ட்காரர் அவள் கையைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். அசடு வழிய இஞ்சினை அணைத்தார்.

பலகையைக் கழற்றினால், குதிகால் படுகிற இடத்துக்கு நேர் கீழே ஒயர் இணைப்பு ஒன்று. முக்கோணம் எந்த நிலையில் சுற்றுகிறது என்று பார்த்துப் பொறி விடச் சொல்லும் ஒயர். இணைப்பு முழுசாகப் பூட்டாமல் பாதியில் நின்றிருந்தது. பூட்டாமல் விட்டது வேறு யாரும் இல்லை, அவரேதான். டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தி, ஆடாமல் பட்டை போட்டுக் கட்டினார். ஐந்து நிமிட வேலை.

பல் டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு நோட்டை நீட்டினார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலில் சின்னதாக, அந்த ஓட்டத்தில் உட்கார்ந்தது யார் என்று குறித்திருந்தது. திக்கிய வரி எல்லாம் அத்தான்.

"மூணு வாரமா தெரியுமா உனக்கு?"

"எப்படிச் சொல்றது அத்தான். நீங்க தப்பா எடுத்துக்குவீங்கன்னு..."

லிஃப்ட்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருடமாக எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நின்றபோது உள்ளே இருந்தது யார்? கதவில் சாய்கிற ஆள், குதிக்கிற பிள்ளை என்று பாதிப் பழுது அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும். ஊரெல்லாம் கேட்ட கேள்வியைச் சொந்த விமானத்தில் அவர் கேட்கவில்லை. உள்ளே இருந்தது அவராயிற்றே. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏங்க, முதல் பத்து நிமிஷம் கால் சும்மாதான இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"வேகத்தைக் கூட்டினா கொஞ்சம் ஆடும் போல. பழக்கம்தான."

"பழக்கம் இல்ல. பயந்தா மட்டும்தான் ஆட்டுவீங்க. என் தம்பிக்கு ஆபரேஷன் நடந்தப்ப நாம உட்கார்ந்திருந்த பெஞ்சே ஆடுச்சு."

"எனக்கு என்ன பயம்," என்று சீறினார். அவள் டப்பாவைத் திறந்து வைத்தாள். அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

நான்கு மணிக்கு ஆய்வாளர் வந்தார். முப்பது நிமிடம். கால் ஆடியது, இஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை. இருபதாவது நிமிடம் முழு வேகத்தில் அது சீராகப் பாடியபோதுதான் லிஃப்ட்காரருக்கு விஷயம் உறைத்தது. இத்தனை நாளும் திக்கல் ஒன்று நடுவில் நின்று, மேலே பறக்க வேண்டியதிலிருந்து அவரைக் காப்பாற்றியிருக்கிறது. இனி அதைச் சாக்குச் சொல்ல முடியாது.

ஆய்வாளர் தாள்களில் கையெழுத்திட்டார். கடைசித் தாளில் ஒரு கோடு காலியாக இருந்தது.

"முதல் தடவை ஓட்டப்போறது யாரு? நீங்கதான?"

பல் டாக்டர் எங்கேயோ கூரையைப் பார்த்தார். ஆசை முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. ஏழு வருடமாக ஒரு தடவைகூட நான் ஓட்டட்டுமா என்று கேட்டதில்லை.

லிஃப்ட்காரர் பேனாவை வாங்கினார். அதைப் பல் டாக்டர் பக்கம் நீட்டினார்.

"மச்சான், நீ எழுது," என்றார்.

"அத்தான், இது உங்க..."

"எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு நீ ஓட்டு. இன்னொரு நாள் என்னை உன் பக்கத்துல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போ."

சொன்னதும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போல இருந்தது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்து, காற்று அடங்கியதும் பல் டாக்டர் கிளம்பினார். ஓடுபாதையோரம் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். விமானம் ஓடியது, எழும்பியது, மரங்களுக்கு மேலே சின்னதாகத் திரும்பியது. ஒரு விக்கல் இல்லை. ஆனாலும் லிஃப்ட்காரரின் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டேயிருந்தது. ஆட்டாதீங்க என்று இதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் அவள் முழங்காலில் கை வைத்தார். அதுவும் ஆடிக்கொண்டிருந்தது.