முத்திரை வைத்த பீப்பாய்

எங்கள் ஊரில் சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே பழைய கோட்டை உதறி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள்கூட, ஒயின் சபை கூடுகிறது என்றால் ஊதா வெல்வெட் அங்கியும் இறகு வைத்த தொப்பியும் போட்டுக்கொண்டு வருவார்கள். மார்பில் சோற்றுத்தட்டு அளவுக்கு ஒரு பதக்கம் வேறு. பிப்ரவரியில் யாராவது ஒருவருடைய ஒயின் குகைக்குள் இறங்கி, ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் நேராக எடுத்துச் சுவைத்து, அதில் ஒன்றுக்கு அரக்கு முத்திரை வைப்பார்கள். மே மாதத் திருவிழாவில் ஒயினுக்குப் பேர்போன டோக்காயிலிருந்தும் புடாபெஸ்டிலிருந்தும் வரும் விருந்தாளிகளுக்கு அந்தப் பீப்பாயைத்தான் திறப்பது வழக்கம். போன வருஷம் என் குகைக்கு முறை வந்தது.

என் கணவர் போன பிறகு திராட்சைத் தோட்டத்தையும் குகையையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல பீப்பாய்கள் நாலு இருந்தன. அதில் தெற்குச் சரிவுத் திராட்சையில் செய்ததன்மேல் எனக்கு ஆசை. முத்திரை கிடைத்தால் அதற்குத்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கெட்டுப்போனதும் ஒன்று இருந்தது. மரத்தக்கை சரியாக இறுகாமல் காற்றுப் புகுந்து, முழுக்கப் புளித்து வினிகர் ஆகிவிட்டது. அதைக் குகைக்குள் வைத்திருப்பதே தப்பு, மற்றதையும் கெடுத்துவிடும். டிராக்டரோடு வருகிறேன் என்று சொன்ன என் மைத்துனன் வந்தபாடில்லை. அதனால் வாசலை ஒட்டிய பக்க அறைக்குள் அதைத் தள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தேன். அந்தச் சாக்குதான் வினையாகப் போயிற்று.

அன்று சபைத் தலைவர் சிலார்ட் முன்னால் நடந்தார். ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலேயே நல்ல மூக்கு அவருடையது என்பார்கள். கண்ணாடிக் கோப்பையை முகர்ந்தாலே எந்தச் சரிவு, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். அவர் பின்னால் மருந்துக்கடை ஓட்டோ, துணைத்தலைவர். தலைவர் நாற்காலியைப் பல வருஷமாகப் பார்வையாலேயே துடைத்துக்கொண்டிருப்பவர். அப்புறம் பள்ளித் தலைமையாசிரியை வில்மாவும் மற்ற அங்கிகளும். குகைச் சுவர்களில் கறுப்புப் பூஞ்சை கம்பளி மாதிரி படர்ந்திருக்கும். அங்கியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லாரும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடந்தார்கள்.

நான் நீண்ட கண்ணாடிக் குழலைப் பீப்பாய்க்குள் விட்டு, மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்து, ஒவ்வொரு கோப்பையிலும் கொஞ்சம் விட்டேன். சிலார்ட் முகர்ந்தார், வாயில் வைத்துக் குதப்பினார், வாளியில் துப்பினார். மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எலுமிச்சம்பூ. நனைஞ்ச கல்லு," என்றார்.

"கல்லு," என்றார் ஓட்டோ. "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

அடுத்த பீப்பாய்க்கும் எலுமிச்சம்பூ, நனைந்த கல். அதற்கு அடுத்ததற்கும் அதேதான். தெற்குச் சரிவுக்கும் அதையே சொன்னபோது என் முகம் தொங்கிப்போனது. மனுஷன் இன்றைக்கு வேண்டா வெறுப்பாக வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே போகும்போது ஓட்டோவின் கண்ணில் சாக்கு பட்டது.

"அது என்ன பிரோஷ்கா?"

"கெட்டுப்போனது. வினிகர். மைத்துனன் வந்து எடுத்துட்டுப் போவான்."

ஓட்டோ சிரித்தார். "ஒளிச்சு வைக்கிற சரக்கைப் பத்தி எல்லாரும் சொல்றதுதான் இது. புடாபெஸ்ட்காரனுக்கு எடுத்து வச்சிருக்கியா?"

"நிஜமாத்தான் சொல்றேன். குடிச்சா பல்லு கூசும்."

"பாருங்க, எப்படிப் பதறுறா," என்றார் வில்மா மற்றவர்களிடம்.

இனி நான் என்ன சொன்னாலும் அது பதற்றமாகத்தான் தெரியும். சாக்கை எடுத்தேன். குழலை விட்டேன். நெடி என் கண்ணிலேயே ஏறியது. பட்டாவது புத்தி வரட்டும் என்று தாராளமாகவே ஊற்றிக் கொடுத்தேன்.

சிலார்ட் முகர்ந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு வாய் எடுத்துக்கொண்டார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். துப்பவில்லை, விழுங்கினார். கண்ணில் தண்ணீர் திரண்டது. இன்னொரு வாய் குடித்தார்.

"இருக்கு," என்றார் மெதுவாக. "உசிரோட இருக்கு."

ஓட்டோ கோப்பையைத் தூக்கினார். தொண்டைக்குழி மேலும் கீழும் போய்வந்தது. "நிமிர்ந்து நிக்குது," என்றார், குரல் கட்டிப்போய். வில்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்துக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பச்சை ஆப்பிள். ரொம்பப் பச்சை. கூச்சப்படாத ஒயின்," என்றார். பின்னால் நின்ற ஒருவர், குடித்து முடித்தும் வாயில் ருசி போகவே இல்லை என்று பாராட்டினார். அதை மட்டும் நானும் ஒத்துக்கொள்வேன்.

அரக்கை உருக்கி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் வெங்காயமும் வெளியே வைத்திருந்தேன். அன்றைக்குப் போல அது என்றைக்கும் அவ்வளவு வேகமாகத் தீர்ந்ததில்லை.

சில நாள் கழித்துச் சிலார்ட் தனியாக வந்தார். அங்கி இல்லாமல் பார்த்தால் சின்ன மனிதர்தான். அடுப்படியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பிரோஷ்கா, அந்தப் பீப்பாயில இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? முத்திரை இருக்குன்னு தெரியும். இருந்தாலும் கேக்குறேன்."

"அண்ணே, அது வினிகர். அன்னைக்கே சொன்னேனே."

சுற்றிக்கொண்டிருந்த தொப்பி நின்றது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கிறிஸ்துமஸ் சமயம் காய்ச்சல் வந்ததிலிருந்து மூக்கு செத்துவிட்டது. மீன் சூப் வெந்நீராகத் தெரிகிறது. மனைவி போட்டுக்கொள்ளும் பவுடர் வாசனைகூட இல்லை. வீட்டில் அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

"அந்த அங்கியைக் கழட்டிட்டா நான் யாரு? ரயில் போகாத ஸ்டேஷனுக்கு மாஸ்டர். அதான் பழைய வார்த்தையையே சொல்லிச் சமாளிச்சிட்டிருந்தேன். உன் கடைசிப் பீப்பாயை வாயில வச்சதும் நாக்குல சுருக்குன்னு ஒண்ணு பட்டுது. ரெண்டு மாசமா வாயில எதுவுமே பட்டதில்ல. திரும்பி வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டையும் அடக்கிக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன். அதுவும் அவருக்கு வெந்நீர்தான் என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது.

"சபையைக் கூட்டிச் சொல்லிடறேன்," என்றார் எழுந்தபடி. "விருந்தாளிங்க வயித்துல இதை ஊத்தக்கூடாது. நீயும் வா."

நகராட்சி மன்ற அறையில் சபை கூடியது. சிலார்ட் எழுந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். 'எனக்கு மூக்கு போய்விட்டது, அந்தப் பீப்பாயில் இருப்பது வினிகர், முத்திரையை உடையுங்கள்' என்றார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசியில் வில்மா கேட்டார். "அப்ப நாங்க? எங்க மூக்குக்கு என்ன ஆச்சுங்கிறீங்க?"

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன்," என்றார் சிலார்ட்.

அங்கே அவர் தோற்றார். 'தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்' என்பதோடு நிறுத்தியிருந்தால் அவருக்காக இரக்கப்பட்டிருப்பார்கள். இப்போது ஒவ்வொருவரும் தன் மூக்கைக் காப்பாற்றியாக வேண்டியிருந்தது.

நான் எழுந்து, "செஞ்சவ நான் சொல்றேன், அது வினிகர்தான்," என்றேன்.

"தன் ஒயினைப் பத்தித் தானே பேசக்கூடாதுன்னு விதி இருக்கு பிரோஷ்கா," என்றார் ஓட்டோ. பிறகு சிலார்ட் பக்கம் திரும்பினார். குரலில் தேன் ஒழுகியது. "தலைவரே, உங்க மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா மூக்கே இல்லாத ஒருத்தர் ஒயினைப் பத்திச் சொல்ற சாட்சி எப்படிச் செல்லும்? மூக்கு இருக்கிற நாங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே சொன்னோம்?"

எல்லாரும் கை தூக்கினார்கள். முத்திரை அப்படியே இருக்கும். சிலார்ட் உடல்நலம் கருதி ஓய்வு பெறுகிறார். ஓட்டோ தலைவர். தலைவர் பதக்கத்தைக் கழற்றும்போது சங்கிலி சிலார்டின் காதில் மாட்டிக்கொண்டது. ஓட்டோவே அருகில் போய் அக்கறையாக விடுவித்துக் கழற்றிக்கொண்டார்.

மே மாதம் வந்தது. பீப்பாய் இன்னும் முற்றிப் பழுத்திருந்தது. போட்ரோக் ஆற்றங்கரையில் பந்தல், வாத்தியக்குழு, மாவட்டத்திலிருந்து பெரிய மனிதர்கள். ஓட்டோ பேசி முடித்து முத்திரையை உடைத்து எல்லாருக்கும் கோப்பை நீட்டினார். பெரிய மனிதர்கள் ஒரு வாய் குடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அடுத்த வாய் குடிக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே ஊற்ற இடம் தேடிக் கூட்டத்துக்குள் உலவினார்கள்.

பக்கத்துக் கடையில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு மகராசன் தன் கோப்பையைப் பொரித்த மீன்மேல் கவிழ்த்துவிட்டுத் தின்று பார்த்திருக்கிறான்; எலுமிச்சை பிழிந்த மாதிரி ருசித்திருக்கிறது. அதைப் பார்த்து அடுத்தவனும் ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் மீன்கடைக்கும் பீப்பாய்க்கும் நடுவில் ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. மீன்காரன் குடத்தோடு வந்து நின்றான். சாயங்காலத்துக்குள் பீப்பாய் காலி.

ஓட்டோ மறுபடி மேடை ஏறினார். மீனுக்கென்றே பிறந்த ஒயின் இது என்பதை நாக்கில் வைத்த கணமே சபை கண்டுகொண்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார். நல்ல கைதட்டல். அடுத்த வருஷமும் அதே மாதிரி செய்து தரமுடியுமா என்று என்னையே கேட்டார்.

"தக்கையைக் கழட்டி வச்சாப் போதும்," என்றேன். அதை ஏதோ தொழில் ரகசியம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாதே என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

சிலார்ட் திருவிழாப் பக்கம் வரவில்லை. கோடை முழுக்க ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். அங்கிகள் எதிரே வந்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒருநாள், மழை விட்ட காலையில், என் வீட்டு வாசலில் தூண்டிலோடு நின்றார். முகம் என்னவோ மாதிரி இருந்தது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து ஓடிவந்தேன்.

"பிரோஷ்கா," என்றார். "உன் நாய் நாறுது."

மழையில் நனைந்து படியில் படுத்திருந்தது அது. அவர் தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரப்படியிலேயே அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்து மயிரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.