கேட்காமல் விட்ட கேள்வி

அலெக்சாண்ட்ரியாவில் மறதி நோய்க்காரரைக்கூட ஆராய்ச்சிக்குக் கூட்டி வந்துவிடலாம். நன்றாக இருப்பவரைக் கூட்டி வருவதற்குள் உயிர் போய்விடும். "நல்லா இருக்கறவனுக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை? கண்ணு பட்டுடும்" என்று கதவைச் சாத்துவார்கள். நல்ல மூளையின் படம் பக்கத்தில் இல்லாமல் கெட்டுப்போன மூளையை எதை வைத்து அளப்பது? அதனால் டாக்டர் இனாஸின் பிரிவில் எல்லோரும் அவரவர் அப்பா அம்மாவையே ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள்.

இனாஸ் தன் அப்பா வக்தியைப் படுக்க வைத்தாள். அதற்கு முன் ஞாபகசக்திக் கேள்விகள் கேட்டாக வேண்டும். டிராம் ஓட்டித் தன்னை டாக்டராக்கிய மனிதரிடம் போய், இன்று என்ன கிழமை என்று கேட்பதா? வாய் வரவில்லை. கேட்காமலே முழு மதிப்பெண் போட்டு அவளே கையெழுத்திட்டுவிட்டாள்.

படங்களைப் பெயர் மறைத்துப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். அன்று வந்த ஒரு படத்தில் நினைவைக் காக்கும் பகுதி வற்றிச் சுருங்கியிருந்தது.

"நல்லா முத்திப்போன கேஸு," என்றாள் இனாஸ். "பெத்த பிள்ளைங்க கண்ணை எங்க அடகு வெச்சாங்களோ! வெட்கங்கெட்ட ஜென்மங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெயர்ப் பட்டியலை வைத்திருந்த தாமெர் மட்டும் சிரிக்கவில்லை.

"இவர் நல்லா இருக்கறவங்க வரிசையில இருக்கார் டாக்டர்."

"அடப்பாவி! இவர்கிட்ட கேள்வி கேட்டது எவன்? கூப்பிடு அவனை!"

தாமெர் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்கதான் டாக்டர்."

அவள் கேள்வி கேட்டதாகக் கையெழுத்திட்டது ஒரே ஒருவருக்குத்தான். இனாஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. போன வாரம் பயற்றுச் சட்டியைக் கருகவிட்டதற்காக, "வேணும்னே பண்றீங்க" என்று மாடி முழுக்கக் கேட்க அப்பாவைப் பார்த்துக் கத்தியிருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள்.

வீட்டில் வக்தி பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு பால்கனியில் காத்திருந்தார்.

"படம் என்ன சொல்லுது பொண்ணே?"

"எல்லாம்... நல்லாதான் பாபா..."

"பொய் சொல்லாதே. நான் டிராம் ஓட்டின தெருவே எனக்குத் தெரிய மாட்டேங்குது. உன்கிட்ட சொன்னா கத்துவே. மிஷின் சொன்னா நீ நம்புவேன்னுதான் போய்ப் படுத்தேன்."

இனாஸ் அவர் காலடியில் உட்கார்ந்து பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். பிறகு, அன்றே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

"பாபா, இன்னிக்கு என்ன கிழமை?"

வக்தி வெகுநேரம் யோசித்தார்.

"கத்தமாட்டியே?" என்றார்.