வெளியே வராத தோட்டா

ஆர்லிஸ் சமையலறை மேசைமேல் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் அப்பாவின் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. இன்று பொழுது தாண்டாது என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அக்கா, இந்த நேரத்துல வேட்டைக்குப் போறியே, ஊரு என்ன சொல்லும்?" என்றான் தம்பி டீன்.

"ஊரா வந்து எனக்குத் தோல் உரிச்சுக் குடுக்கப் போவுது? அவருதானடா கேட்டாரு."

கேட்டது உண்மை. "ஓட்டையில்லாத தோல் ஒண்ணு கொண்டாடி, பாப்போம். அதுவரைக்கும் சாவ மாட்டேன்" என்று விடியற்காலையில்தான் சவால் விட்டிருந்தார் அப்பா தோர்வால்ட்.

அவர் வீட்டிலேயே மருந்து அடைத்து நிரப்பும் தோட்டா கனமானது. கொயோட்டி நரியின் ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் முஷ்டி அளவு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும். பத்து வயதிலிருந்து அந்த ஓட்டைகளைத் தைத்தவள் ஆர்லிஸ். தையலைப் பார்த்ததும் மைல்ஸ் சிட்டி தோல் வியாபாரி முகத்தைச் சுளிப்பான். லேசான தோட்டா போதும், உள்ளேயே பொடிந்துவிடும், வெளியே வராது என்று முப்பது வருஷமாகச் சொல்கிறாள். கேட்டால்தானே! "அந்தப் பட்டாணிக்கு நரி ஒரு தும்மல் போட்டுட்டுப் போயிடும்" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான், அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து அவள் தன் தோட்டாக்களை நிரப்பினாள்.

பனியில் வைக்கோல் போருக்குப் பின்னால் படுத்து, நரியை இழுக்க, அடிபட்ட முயல் கத்துவது மாதிரி ஊதுகுழலில் ஊதினாள். ஒரு மணி நேரம் கழித்து ஒன்று வந்தது, நேருக்கு நேராக. அவள் சுடவில்லை. தோள் எலும்பில் பட்டால் சின்ன தோட்டா தோலிலேயே வெடித்துக் கிழித்துவிடும், கிழவர் ஜெயித்துவிடுவார். விரல் மரத்துப்போகும்வரை காத்திருந்தாள். நரி பக்கவாட்டில் திரும்பியதும் முன்னங்காலுக்குப் பின்னால் சுட்டாள். நின்ற இடத்திலேயே விழுந்தது.

தோலை உரித்துத் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் மார்பில் விரித்தாள். அவருக்குப் பார்வை போயிருந்தது. விரல்கள் மட்டும் குளிர்கால மயிருக்குள் புகுந்து மெல்ல மெல்ல நகர்ந்தன.

"எங்கடி தச்சே?"

"தைக்கலப்பா."

"பொய்யி. நூலு எங்கியோ இருக்கு."

"போதும்ப்பா, அக்கா ஜெயிச்சுட்டா" என்றான் டீன்.

"எவன் சொன்னான்? நான் இன்னும் தேடி முடிக்கல."

கழுத்து, முதுகு, வயிறு என்று ஊர்ந்த விரல்கள் விலாவில் வந்து நின்றன. ஆர்லிஸ் காத்திருந்தாள். அவை மறுபடி அசையவில்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்! அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

டீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தோலை எடுக்கக் குனிந்தான்.

"விடுடா."

அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். முன்னங்காலுக்குப் பின்னால் மயிரை விலக்கி, தோட்டா நுழைந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"இதோ, இதான். பாத்துக்க."

விரல் நுனிகூட உள்ளே போகவில்லை.