மஞ்சள் முடிச்சில் ஒரு நிக்கல்

என் கணவர் ஜம்புநாதன் காசைப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணியெல்லாம் பார்க்க மாட்டார், காசைத்தான் பார்ப்பார். நியூ ஜெர்சியில் இருந்த காலத்தில் டோல் பூத்தில் பின்னால் கார்கள் ஹாரன் அடித்துக் கத்தும். இவர் உள்ளங்கையில் சில்லறையைப் புரட்டி, எந்த வருஷம், எந்த ஊர் அச்சு என்று பார்த்த பிறகுதான் கூடையில் போடுவார். நான் பக்கத்து சீட்டில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

இவர் தேடியது ஒரே ஒரு காசு. 1939-ஆம் வருஷத்து நிக்கல். நிக்கல் என்றால் இங்கே அமெரிக்காவில் ஐந்து சென்ட். ஒரு பக்கம் ஜெஃபர்சன் முகம், மறுபக்கம் அவருடைய வீடு, வீட்டுக்குக் கீழே 'மான்டிசெல்லோ' என்று அதன் பெயர். அந்த வருஷம் அச்சு செய்யும்போது ஏதோ ஒன்றை இரண்டாம் முறை அழுத்துகையில் இம்மி நகர்ந்துவிட்டதாம். அதிலிருந்து வந்த காசுகளில் மட்டும் அந்த எழுத்துகள் இரட்டையாக விழுந்திருக்கும். இந்த ஒன்றுக்காக இவர் பேங்கில் பெட்டி பெட்டியாக நிக்கல் வாங்கி வந்து, வாரக் கடைசி முழுக்க லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை அத்தனையையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார். பேங்க் பெண் இவரைப் பார்த்ததும் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வாள்?

நல்ல காசு ஏதாவது கிடைத்தால் நிபுணர்களுக்கு அனுப்புவார். அவர்கள் எழுபதுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி அனுப்புவார்கள். பார்சல் வருவதற்கு முன்பே இவர் எண்ணைச் சொல்லிவிடுவார். அநேகமாக அதுவே வரும். அப்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மகன் மாநிலத்தில் முதலாவதாக வந்துவிட்ட மாதிரி!

இவருக்குப் பஞ்சமா பாதகம் எது தெரியுமா? காசைத் துடைப்பது. ஒரு தடவை நான் வெகுளியாக ஒரு பழைய காசைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்துவிட்டேன். குழந்தையைக் கிள்ளிவிட்ட மாதிரி பதறிப்போனார். துடைத்த காசில் மயிரிழைக் கீறல் விழுமாம். நமக்குத் தெரியாது, நிபுணர்களுக்குத் தெரியுமாம். மார்க்கே போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

இப்படி ஐந்து சென்ட்டுக்குப் பதறுகிற மனிதர் என் விஷயத்தில் பதறியதே இல்லை என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் மகள் மானஸா பிறந்தபோது எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிழைப்பேனா என்று டாக்டர்களுக்கே நிச்சயமில்லை. மறுநாள் நான் கண் திறந்தபோது இவர் கேட்ட முதல் கேள்வி, "இட்லி கொண்டு வரட்டுமா?" ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கூட இருந்த என் தோழி ஜலஜாவும், "உன் வீட்டுக்காரர் நேத்துக் காலைலேர்ந்து கல்லு மாதிரி உக்காந்திருந்தார்டி" என்றாள். அந்தக் கல்லையும் இட்லியையும் நான் மறக்கவே இல்லை, சண்டை வரும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவேன்.

இவர் செய்தது ஒன்றுதான். திருச்சியிலிருந்து என் மாமியார் ஃபோனில் சொன்னபடி, மதுரை மீனாட்சிக்கு வேண்டிக்கொண்டு ஒரு காசை முடிந்துவைத்தார். ஆஸ்பத்திரியில் மஞ்சள் துணிக்கு எங்கே போவது? கர்ச்சீப்பின் ஓரத்தில் முடிந்தார். வீட்டுக்கு வந்தபின் நான் அதை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, பூஜை அலமாரியில் வைத்தேன். விசா, கிரீன் கார்டு என்று வருஷங்கள் ஓடின, மதுரைக்குப் போக வாய்க்கவில்லை. அப்புறம் வேலை மாறி டெக்ஸாஸுக்கு வந்தோம். "அங்க பேர்லேண்ட் கோயில்லயே மீனாட்சி உக்காந்திருக்காளே, அவ கிட்டயே சேர்த்துடுங்க" என்றார் மாமியார்.

ஒரு சனிக்கிழமை காலை கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். கர்ச்சீப் இற்றுப்போய்க் கையோடு வந்தது. புது மஞ்சள் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்து, மாற்றி முடியச் சொன்னேன். இவர் பழைய முடிச்சை அவிழ்த்தார். காசு சாப்பாட்டு மேஜையில், வீடு இருக்கும் பக்கம் மேலே தெரிய விழுந்தது.

இவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பிறகு உள்ளே போய் விளக்கையும் லென்ஸையும் எடுத்து வந்தார். காசை ஓரத்தில் மட்டும் பிடித்துப் புரட்டி, வருஷத்தைப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"செல்வி, இங்க வா. நீயே பாரு. நான் சொல்ல மாட்டேன்."

நான் ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவள். எனக்கு எதையும் பார்த்து மூச்சு நிற்காது. அன்று நின்றது. மான்டிசெல்லோ என்ற பெயர் இரண்டு முறை இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் தோளிலும் இன்னொரு எழுத்து எட்டிப் பார்த்தது. எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் கறை. அறுபது வருஷம் எந்த டிராயரில் தூங்கியதோ, எப்படி வெளியே வந்ததோ, எங்கள் பூஜை அலமாரிக்கு வந்திருக்கிறது. பக்கத்து அறையில் இவர் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் வெள்ளிக்கிழமை தவறாமல் இதற்குக் குங்குமம் வைத்து விளக்குக் காட்டியிருக்கிறேன்.

இவர் மெதுவாக ஆரம்பித்தார். "செல்வி, நாம வேண்டிக்கிட்டது அஞ்சு சென்ட்தானே? வேற ஒரு நிக்கல் போட்டா மீனாட்சி கோச்சுக்கவா போறா?"

எனக்கு வந்ததே கோபம்! "அது என் உயிருக்கு முடிஞ்ச காசு. எக்ஸ்சேஞ்ச் பண்றதுக்கு இது என்ன மால்ல வாங்கின சட்டையா?"

"சும்மா கேட்டேன். சரி, கிரேடு எத்தனை மார்க்னு மட்டும் பாத்துடறேன். ஒரே ஒரு தடவை."

பார்க்கட்டும் என்று விட்டேன். அந்த ஆசையைக்கூட மறுத்தால் பாவம். விளக்கடியில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "வெளிச்சம் சக்கரமா சுத்துது பாரு, புழக்கத்துல தேயவே இல்ல. வீட்டு வாசப்படிக்கட்டுல நாலு படி தெளிவு, அஞ்சாவதுதான் மங்கல். இந்த வருஷத்துக்கு அதுவே ஜாஸ்தி. அறுபத்தஞ்சு வரும். நிச்சயமா அறுபத்தஞ்சு." வீட்டுப் பக்கத்தை முடித்துவிட்டு முகத்துப் பக்கம் திருப்பினார். சாய்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாச்சு?"

லென்ஸை என்னிடம் நீட்டினார். ஜெஃபர்சனின் கன்னத்தில் மெல்லிய கீறல்கள், நூற்றுக்கணக்கில். எல்லாம் ஒரே போக்கில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, லேசாக வளைந்து. மறுபக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

"யாரோ தொடச்சிருக்காங்க" என்றேன். இவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதுதான்.

"தொடைக்கல. தேச்சிருக்கு. துணியோட." காசை மேஜையில் வைத்தார். "நான்தான் செல்வி. காபி மெஷின்ல போட்ட டாலருக்கு வந்த சில்லறை அது. முடிச்சைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கட்டைவிரலால தேச்சிக்கிட்டே இருந்தேன் போல. சாயந்தரம் டாக்டர் வெளியில வர்ற வரைக்கும். விரல் கன்றிப்போனது அப்புறம்தான் தெரிஞ்சுது."

என்னால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"முடியும்போது எந்த வருஷம்னு பாக்கலியா?"

"இல்ல" என்றார். "எந்தக் காசுன்னே பாக்கல. கைக்கு வந்ததைக் கட்டினேன்."

டோல் பூத்தில் பார்க்காமல் போடாதவர். கடைக்காரன் கொடுத்த பாக்கியைக் கடை வாசலிலேயே நின்று புரட்டுகிறவர். வாழ்க்கையில் ஒரே ஒரு காசை இவர் பார்க்காமல் விட்டிருக்கிறார், அது இதுதான். கல் மாதிரி உட்கார்ந்திருந்தாராம்! ஜலஜா முகத்தைப் பார்த்திருக்கிறாள், கையைப் பார்க்கவில்லை. அத்தனை வருஷமும் நான் மனதில் வளர்த்து வைத்திருந்த குறை அந்த மேஜையருகிலேயே கரைந்துபோனது. இப்படி ஒரு மனிதரோடா நான் இட்லிக்காகச் சண்டை போட்டேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப கிரேடு?" என்றேன்.

"கிரேடே கிடையாது. பார்த்த உடனே திருப்பி அனுப்பிடுவாங்க."

"வெச்சுக்கோங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "நம்பர் இல்லேன்னா என்ன? உங்க ஆசைக்கு இருக்கட்டும். மீனாட்சி கிட்ட நான் பேசிக்கறேன்."

இவர் சிரித்தார். காசைப் புது மஞ்சள் துணியில் வைத்து இறுக்கி முடிந்தார். "கொடுக்கறேன்னு சொல்லித்தானே அவ கிட்ட உன்னைக் கேட்டேன்" என்றார். மானஸா மாடியிலிருந்து "ஆர் வீ கோயிங் ஆர் நாட்?" என்று கத்தினாள்.

கோயிலில் கூட்டம். தரிசனம் முடிந்து உண்டியல் முன்னால் நின்றோம். இவர் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு சந்நிதியையே பார்த்தார். போடவில்லை. என்ன தயக்கம் என்று குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் துணியின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தது. லேசாக வளைந்து, ஒரே போக்கில், திரும்பத் திரும்ப. தான் செய்வது இவருக்கே தெரியவில்லை.

அன்று மயக்கத்தில் கிடந்த நான் பார்க்காத அந்தப் பகலை, இப்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் சீக்கிரம் என்று சொல்லவில்லை.