ஆளுக்குத் தக்க கண்மாய்

1934 ஐப்பசியில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே வெள்ளைக்காரத் துரை போட்ட கோல்ப் மைதானத்தில், ஞானபாக்கியம் டீச்சர் மட்டையோடு கரையில் வந்து நின்றதும் கண்மாய் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியது. துரை வந்து நின்றபோது அதே கண்மாய் தண்டவாளம் வரை பரந்தது. காரணம் ஊருக்கே தெரியும். மண்வேலைக்கு வந்த வன்னியம்பட்டி சங்கையா, கண்மாய்களில் மடை திறந்து நீர் பாய்ச்சுகிறவன். மடை திறக்கும்போதெல்லாம் தேங்காய் உடைத்து, “தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் ஒண்ணுபோல வெளையணும் தாயே” என்று தண்ணீரிடம் சொல்லுவான். இது பந்தடிக்கிற இடமென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வயலுக்குப் பாயும் புது ஆயக்கட்டு என்று எண்ணி இங்கேயும் தேங்காய் உடைத்து அதையே சொல்லிவிட்டான். தண்ணீரும் கேட்டுக்கொண்டது.

ஆள் சேராததால்தான் துரை மிஷன் பள்ளி டீச்சரைச் சேர்த்திருந்தார். சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்கு வலது கை சூம்பிப்போயிருந்தது. அவளைப் பார்த்து யாரும் ‘பாவம்’ என்று சொல்லாத ஒரே இடம் அந்த மைதானம். கண்மாயும் அவளுக்குச் சலுகை காட்டவில்லை. முழு மூச்சாய் அடித்தால் மட்டுமே தாண்டும் அளவுக்குத்தான் சுருங்கியது. கொஞ்சம் அசந்தாலும் பந்தை விழுங்கிவிடும். அதனாலேயே அவளுக்கு அதன்மேல் அத்தனை பிரியம்.

துரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் எல்லோரும் கரையில் வரிசையாக நின்று, விசில் ஊதியதும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும், பந்தைத் தண்ணீரில் விடுகிறவர் மைதானத்தை விட்டே போக வேண்டும் என்று சட்டம் போட்டார். கண்மாய் யாருக்கென்று சுருங்கும், பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. விசில் ஊதினார்கள். எதிர்க்கரை ரம்பப் பல்லைப் போல, ஆளுக்கு ஓர் அகலமாக ஏறி இறங்கி நின்றது. டீச்சரின் பந்து நூலிழையில் தரை தொட்டது. அவளுக்கு நேரான கரையையே பார்த்துக்கொண்டு அடித்த துரையின் பந்து தண்ணீரில் விழுந்தது.

“அவிய இன்னொரு தடவ அடிக்கட்டும். ஆளில்லாம யாரோட ஆடுறது?” என்றாள் டீச்சர். சட்டம் அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அவள் பந்து தண்ணீரைத் தொடவே இல்லை. 1941 தையில் ஒருநாள், வழக்கம்போல முழு மூச்சாய் அடித்தும் நடுவில் விழுந்தது.

கரையில் நின்ற சங்கையா, “என்ன டீச்சர், விழுந்துட்டு?” என்றான்.

அவள் முன்னைவிடத் தள்ளி நின்ற எதிர்க்கரையைப் பார்த்தாள். பிறகு மட்டை பிடித்துப் பிடித்துப் பலம் கூடியிருந்த தன் வலது கையைப் பார்த்தாள்.

“எனக்கும் அகலமாயிட்டு, சங்கையா” என்றவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்தெடுக்க இறங்கினாள்.